ஒன்பதாவது டப்பா

பட்டாளம் கழித்துப் போட்ட தோட்டா டப்பா,
மேலே பச்சைப் பெயிண்ட்.
உள்ளே ரப்பர் முத்திரை, மைத்தட்டு,
கோடு போட்ட நோட்டு, கயிறு கட்டிய பென்சில்.
இப்படிப் பன்னிரண்டு டப்பாக்களைப்
பன்னிரண்டு பூங்காக்களில் ஒளித்து வைக்கிறேன்.
மின்னசோட்டாவில், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் முடிய
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எண்களைக் கொடுத்துவிடுவோம், அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம்.
மீதியைக் காடு பார்த்துக்கொள்ளும்.
ஒவ்வொரு முத்திரையிலும் ஓர் உயிர்:
ஒன்றில் ஆந்தை, நான்கில் சதுப்புத் தவளை,
ஏழில் யாருக்கும் பிடிக்காத கொசு (அது என் யோசனை),
ஒன்பதில் நீர்நாய்.
பன்னிரண்டும் குத்திய அட்டையைக் காட்டினால்
சட்டையில் தைக்க ஒரு துணிப்பட்டை கிடைக்கும்.
எழுபது சென்ட் பெறும்.
அதற்கு அறுபது மைல் காரோட்டி வருகிறார்கள்.

நோட்டுகளை நான்தான் படிக்கிறேன்.
ஹோதன், இரவுப் பணி நர்ஸ்,
ஷிஃப்ட் முடிந்த கையோடு வருகிறவள்:
“மழை. ஒரு ஷூ சேற்றோடு போச்சு. தவளை கிடைத்தது.”
டோ கெர் என்ற பையன்:
“தங்கச்சி முதலில் பார்த்தாள். நான் முதலில் தொட்டேன்.”
அதன் கீழே வேறு கையெழுத்தில்: “பொய்.”
இன்னொருவர், பெயர் போடாதவர்,
தேதி எழுதி “சரி” என்று மட்டும் எழுதுவார்.
ஆந்தைக்கும் சரி, கொசுவுக்கும் சரி.

ஜூன் வெள்ளத்தில் ஒன்பது காணாமல் போனது.
ஓடைக்கரையில், சாய்ந்த ஊசியிலை மரத்தின்
வேர்ப்பொந்தில் வைத்திருந்தேன்.
பொந்து இருந்தது. வேர் இருந்தது.
ஆறு பேர் வெறுங்கையோடு திரும்பி
என்னைத் திட்டி எழுதினார்கள்.
புதிதாக ஒன்று வைத்துவிடேன், பன்னிரண்டு டாலர்தானே
என்றார் மேலாளர் ப்ளூம்க்விஸ்ட்.

இடுப்பளவு ரப்பர் பூட்ஸில் இறங்கினேன்.
நாணலை விலக்கி, கல்லைப் புரட்டி,
பகல் முழுக்கச் சல்லடை போட்டும்
ஒரு பீர் கேன்தான் அகப்பட்டது.
சாயங்காலம் அலுத்துப்போய்
பீவர் கட்டிய அணையின் ஓரத்தில்
சாக்ஸைப் பிழிய உட்கார்ந்தேன்.

டங்.

குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே,
சேற்றுப் பூச்சுக்கு அடியில்,
மூடியின் ஒரு மூலை. அதில் பாதி ஒன்பது.
மிதந்து வந்ததைத் தடுத்து நிறுத்தி
அளவு பார்த்துச் செருகியிருக்கிறது.
கொத்தன் வைத்த கல் மாதிரி
ஆடாமல் அசையாமல் இருந்தது.
இழுத்துப் பார்த்தேன். பக்கத்தில் தண்ணீர் கசிந்தது.
கையை எடுத்துவிட்டேன்.
கசிந்த இடத்தில் ஒரு பிடி சேறும் அப்பினேன்,
என்னவோ என் வீட்டு ஓட்டை போல.

மறுநாள் எண்களை மாற்றினேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் கீழே.
டப்பாவைத் தொடக் கூடாது. முத்திரை கிடையாது.
அட்டையின் ஒன்பதாம் கட்டத்தில்
அங்கே பார்த்ததை நீங்களே வரையுங்கள்.

வந்த அட்டைகளை மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன்.
ஹோதன் தண்ணீரில் ஓர் அம்புமுனை வரைந்திருக்கிறாள்,
நீந்துகிற தலை கிழித்த கோடு.
டோ கெர் இரண்டு பல் வரைந்து
கட்டம் போதாமல் எட்டுக்குள் நுழைந்துவிட்டான்.
தங்கச்சி அட்டையில் டோ கெர்தான் இருக்கிறான்,
வாயைப் பிளந்துகொண்டு.
ஒரு கட்டத்தில் சேற்றுக் கட்டைவிரல்.
பெயர் போடாதவருக்குப் படம் வரவில்லை போலிருக்கிறது.
தேதி. சரி.
பிறகு, நுணுக்கி நுணுக்கி:
“இருட்டும்வரை இருந்தேன்.”

அக்டோபர் கடைசி. பதினொரு டப்பாக்களைத்
துடைத்து அலமாரியில் அடுக்கியாயிற்று.
கணக்குப் படிவத்தில் ஒரு கேள்வி: தொலைந்தவை எத்தனை?
பூஜ்யம் என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து, பக்கத்தில்,
ஒன்று உபயோகத்தில் இருக்கிறது.