நாலு சதுர அடி வாவி

ஆயத்துல் குர்ஸிக்குத் தங்க விளிம்பு.
அந்தியேட்டிப் படத்துக்குக் கறுப்பு.
கெம்பஸ் முடித்த பிள்ளைகளின் பட்டத்துக்குத் தேக்கு நிறம்.
காத்தான்குடிப் பெரிய வீதியில் பதினெட்டு வருசம்,
எதைக் கொண்டுவந்தாலும்
விரிக்கும் முன்பே விளிம்பு தெரிந்துவிடும் எனக்கு.

இதற்குத் தெரியவில்லை.

கொண்டுவந்தவன் தவநேசன்,
கிரான்குளத்து வான் சாரதி.
கிணறுகளின் உப்பை அளக்க வந்த ஜப்பான்காரியை
ஏழு மாதம் ஏற்றி இறக்கியவன்.
போகிற அன்று, காசு தருவா என்று நின்றவனுக்குச்
சுருட்டிய தாள் ஒன்றை
இரண்டு கையாலும் நீட்டினாவாம்.

"பாதித் தாள் வெறுமையாக் கிடக்கு காக்கா,
பாதிக் காசு எடுங்களன்."

நாலு மூலைக்கும் நாலு ஆணிப்பெட்டி வைத்து விரித்தோம்.
மேலே சாம்பல் கசிவு, முகிலாக்கும்.
ஈரத்தில் தொட்டு ஈரத்திலேயே விட்ட பச்சை
வலப்பக்கம் கண்ணாப் பற்றை.
ஒரே இழுப்பில் ஒரு தோணி.
நடுவில் ஒன்றுமேயில்லை.

"வாவி எங்கடா?"
"அதத்தான் நானும் கேக்கன்."

பேன் காற்றுக்கு ஒரு பெட்டி நகர்ந்து
தாள் மெல்ல எழும்பித் தாழ்ந்தது.
தோணி ஆடியது.
இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை.

கண்ணாடி வெட்ட வந்து நின்ற உவைஸ் மேசன்தான்
மலையைக் கண்டார்.
தோணிக்குப் பின்னால்,
இருக்கிறதா இல்லையா என்ற நீலத்தில்.
"குடும்பிமலை. மழை விட்ட விடியலில
பாலத்துல நிண்டா தெரியும்."
"என்ன கதை இது," என்றா ரசீனா டீச்சர்,
"அது அவட ஊர்ர மலை.
இவ்வளவு தூரம் வந்தவக்கு வீட்டு நெனப்பு இரிக்காதா?"
தவநேசன் தலையைச் சொறிந்தான்.
"நானும் கேட்டன்.
வாகனத்துக்குள்ள இருந்து பார்த்த மலையாம்.
எந்த வாகனம், எந்த ஊர் எண்டு நான் கேக்கல்ல."

தூசி தட்டத் துணியெடுத்தேன்.
வெள்ளையில் விரல் உரசியது.
ஊதினேன், போகவில்லை.
பச்சைக்குள்ளும் முகிலுக்குள்ளும்
மணல் அளவில் வெளிறிய நட்சத்திரங்கள்.
விரலை நாக்கில் வைத்தேன்.

"தண்ணி எங்க எடுத்தா?"
"கல்லடிப் பாலத்தடியில,
போத்தலை வாவிக்குள்ள அமத்தி.
ஆனா முதல்ல மீற்றரை விட்டு அளந்தா.
நம்பரைக் கொப்பியில எழுதினா.
பிறகுதான் பிரஷ்ஷை விட்டா."

கடைசியில் வேப்பம் பலகை, பூச்சில்லாமல்.
பின்பக்கம் கடதாசி ஒட்டும்போது
கீழே ஒரு விரல்நக அளவு ஒட்டாமல் விட்டேன்.
எந்தப் படத்துக்கும் அப்படி விட்டதில்லை.
உள்ளே உப்பு இருக்கிறதே,
அதற்கும் மூச்சு முட்டும்.

பில் புத்தகத்தில் விபரம் எழுத ஒரு கட்டம் உண்டு.
கல்யாணம், பட்டம், ஓதல், படம் என்று நிரப்புவேன்.
பேனை நின்றது.
பிறகு எழுதினேன்:
வாவி – 1.
கண்ணாடி மூணேமுக்கால் சதுர அடி,
நாலு என்றே போட்டேன்.

"வெறுமைக்குமா காசு?"
"வெட்டுற கத்திக்கு அது தெரியாது மச்சான்."

முணுமுணுத்துக்கொண்டு எண்ணித் தந்தான்.
வானின் பின்சீற்றில், இடப்பக்கம், படத்தை நிறுத்தி
பெல்ட்டை இழுத்து மாட்டினான்.
அந்தப் பக்கம் ஏன் என்று கேட்கவில்லை நான்.

கதவடியில் நின்று சொன்னேன்:
"மாரி பிடிச்சா உப்பு வேர்க்கும்.
மலை கொஞ்சம் கரையும். பச்சை இறங்கும்.
பழுதாப் போச்சு எண்டு திருப்பிக் கொண்டுவராத.
அது பழுதில்ல."

"மலை முழுக்கப் போனா?"

மிச்சக் காசுக்கு
லாச்சியில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.