ஒட்டுப்பால்

இரண்டு சொட்டு அம்மோனியா.
சிரட்டைப் பால் மதியம்வரை பாலாகவே கிடக்கும்.
விட மறந்தால் தன்னோடு தானே ஒட்டி
ஒட்டுப்பால் ஆகும், கிலோவுக்குப் பாதி விலை.

குலசேகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேதியியல்.
ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன்.
நெறியாளர் அடித்துவிட்டார்.

வில்பிரட்டுக்கு நாற்பத்தாறு வயது.
கத்தி பிடித்த கை தானாக ஆடத் தொடங்கி
பட்டையைத் தாண்டித் தடிவரை இறங்கியது.
எட்டு மரம் காயம்பட்ட பிறகு
ஜெஸ்லெட் கத்தியை வாங்கிக்கொண்டாள்.
இப்போது அவர் ஷீட் தட்டுகளில் ஆசிட் ஊற்றுகிறார்,
குவளையை விளிம்பில் ஊன்றியபடி.
உறைய வைக்கும் வேலை.
தலைக்குள்ளும் அதே வேலை நடப்பதை
நான் அவரிடம் சொல்லவில்லை.

நாகர்கோவிலில், கல்லூரியின் மூன்றாம் மாடியில்
என்னிடம் கொஞ்சம் தங்கம் இருக்கிறது.
குண்டுமணி எடை வராது,
குடுவை முழுக்க மாதுளைச் சிவப்பு.
ஒவ்வொரு துகளுக்கும் ஓர் ஆடை வேண்டும்,
புரதம் வந்து தொட்டால் அதை மட்டும் பிடித்து
அடுத்ததோடு பின்ன விடாத ஆடை.
முதல் ஆடையில் உப்பு பட்டதும்
துகள்களே ஒன்றையொன்று கட்டிக்கொள்ள
குடுவை நீலமானது.
பிரித்து வைக்கப் போனவை!
சிரித்தேன். அந்த மாதம் முழுக்க
பிறகு சிரிக்கவில்லை.

பதினேழாவது ஆடை நின்றது.

முப்பத்தேழு டிகிரி, ஓயாத குலுக்கல், நான்கு நாள்.
புரதம் நார் நாராகத் திரிந்தால் சாயம் பச்சையாய் ஒளிரும்.
துகள் இல்லாத குழிகளில் கோடு ஏறியது
பேச்சிப்பாறை ஷட்டர் திறந்த நாள் ஆறுபோல.
துகள் உள்ள குழிகளில்
தரையோடு தரையாக ஒரே கோடு.
ஷஜிலா கைதட்டினாள்.
எனக்குக் கை எழவில்லை.
தங்கம் வெளிச்சத்தைத் தின்னும்.
நார் இல்லாமல் இருட்டா,
இருந்தும் இருட்டா?

அதனால்தான் இந்தச் செப்பு வலை, மூன்று மில்லிமீட்டர்,
டப்பாவுக்குள் டப்பாவாக மடியில்,
வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில்.
மார்த்தாண்டம் பாலத்தின்மேல் போன் அடித்தது.
"எப்பம் வரும்?" என்றார் வில்பிரட்.
எதைக் கேட்கிறார் என்று கேட்கவில்லை.
"கொஞ்சம் நேரமாவும்" என்றேன்.
களியக்காவிளையில் பஸ் ஒரு மணிநேரம் கிடந்தது.

வெறும் புரதம்: திரை நிறைய வைக்கோல்போர்.
துகளோடு: கறுப்புப் பொட்டுகள், பொடிப்பொடியாய்
ஏதோ உருண்டைகள்.
இடது மூலையில்
நார். மூன்று.
அடுத்த கட்டத்துக்கு நகர்த்தவா என்றார் ஆபரேட்டர்.
இருங்கள் என்று சொல்லி
மறுபடி எண்ணினேன்.
மூன்றுதான்.
நகர்த்துங்கள் என்றேன்.