பதினான்கு மீற்றர்

லீஸ் நகரத்து ஞாயிற்றுக்கிழமை.
கம்பளக் கடை இழுத்து மூடிப் பத்து மாதம்.
யாரும் கார் நிறுத்தாத அதன் முற்றத்தில்
ஐம்பதில் வந்து பிரேக் பிடிக்கிறேன்.
நின்ற இடத்தில் பகீரதன்
குந்தியிருந்து சோக்கால் கோடு போடுகிறார்,
பக்கத்தில் ஒரு எண்.
அளவு நாடாவின் மறுமுனையை
அவருடைய ஒற்றைச் செருப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாற்பத்தாறு வயதில் உனக்கேன் மோட்டார் சைக்கிள்
என்று கேட்டவர்களுக்கு:
முதியோர் இல்லத்தில் என் காலை வேலை ஐந்தே முக்காலுக்கு.
முதல் பஸ் ஆறு பத்துக்கு.
அவ்வளவுதான்.

முதல் நாள் காலை மட்டுமே நம்பினேன்.
பின்சக்கரம் பூட்டிக்கொண்டு
வண்டி பக்கவாட்டில் வாலாட்டியது.
இருபத்தெட்டு, என்று எழுதினார்,
சிறிதாக ஒரு கேள்விக்குறியும்.

முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புறத் தள்ளும்.
சைக்கிள் பழகிய வயதில் யாரோ சொன்னது
இன்னும் என் வலது கைக்குள் குடியிருக்கிறது.
ஆனால் பாரம் முன்னுக்குத்தான் ஓடி வருகிறது.
நிற்கப் போகும் வண்டியில் பின்சக்கரம்
எழுந்து செருப்புத் தேடும் விருந்தாளி;
அதனிடம் பெரிதாக எதையும் கேட்க முடியாது.
முன் டயர் அமுங்கித் தரையைக் கடிக்க
ஒரு கணம் கொடுக்க வேண்டும்.
பறித்தால் வழுக்கும்.

அந்தக் கணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
தினமும் பன்னிரண்டு ஊசி போடுகிற கை.

பழைய வண்டி, தானாகப் பிடித்து விடும் வித்தை எதுவும் இல்லை.
பிரேக் எண்ணெயை நாங்களே மாற்றினோம்.
மெல்லிய குழாயில் மணிமணியாக ஏறின காற்றுக் குமிழ்கள்.
ஊசிக்குள் ஒன்றைக் கண்டாலே சுண்டி விரட்டுவேன்.
எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும்,
ஒன்று மிஞ்சினாலும் பிடி பஞ்சாகிவிடும்.
அவர் லீவரில், நான் திருகில்.
"அமத்துங்கோ."
"அமத்தினது."
"விடாதேங்கோ... இப்ப விடுங்கோ."
கல்யாணமாகி இருபது வருடத்தில்
இவ்வளவு ஒழுங்காக நாங்கள் பேசியதில்லை.

இருபத்திரண்டு. பதினேழு. பதினாறு.
மழை நாளில் மறுபடி இருபத்திரண்டு.

எந்தக் கோட்டிலும் வராத நீளம் ஒன்று உண்டு.
கண் கண்டதற்கும் கை அறிந்ததற்கும் நடுவே
ஒரு செக்கன்.
ஐம்பதில் அது பதினான்கு மீற்றர்.
பிரேக் இல்லாத பதினான்கு.
இரண்டு விரலை லீவரில் தயாராய் வைத்திருந்தால்
குறையும். தீராது.

ஒக்ரோபர். சீனிக்கிழங்கு கிண்டும் காலம்.
வயல்கள் ட்ராக்டர் டயர்களில் ஏறி
ஆர்பெர்க் ஆலைக்குப் புறப்பட்டுவிடும்.
விடியாத தூறல். வளைவு முடிந்ததும்
குறுக்கே ஏறுகிறது நீள ட்ரெய்லர்,
அதற்கும் எனக்கும் இடையில்
எண்ணெய் போல மினுங்கும் கரிய சேறு.

பதினான்கும் போனது.

தார் இருந்த மட்டும் பிழிந்தேன்.
முன்பக்கம் தாழ்ந்தது, டயர் கடித்தது.
சேறு தொடங்கிய இடத்தில் கையை விட்டேன்.
பிடிக்க அல்ல, விடத்தான்
நெஞ்சு வேண்டியிருந்தது.
உருண்டு கடந்து, மறுபடி தார்,
மறுபடி பிழி.

கால் ஊன்றிய பிறகுதான் முழங்கால் நடுங்கியது.
ட்ரெய்லரிலிருந்து ஒரு கிழங்கு விழுந்து
உருண்டு வந்து
என் முன் டயரில் முட்டி நின்றது.
ஓட்டியவர் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆறு மணிக்கு எபிஷர் அம்மாவுக்கு இன்சுலின்,
"இன்றைக்கு நோகவே இல்லை" என்றார்.

ஞாயிறு, பகீரதன் சோக்கும் நாடாவுமாக வந்தார்.
"எங்கை நிண்டனி? காட்டு."
மூன்று நாள் மழை. வெறும் தார்.
ஏதோ ஓரிடத்தைக் காட்டினேன்.
குந்தினார். கோடு போட்டார்.
எண் எழுதவில்லை.
நாடாவைச் சுருட்டாமல், எழும்பாமல்
ஈரத் தாரில் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார்.

"வளைவிலை கார் வருது," என்றேன்,
"எழும்புங்கோ."