எட்டாய் மடித்த தாள்

பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது.
முக்கூடலுக்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்,
அவ்வளவு சொன்னால் போதும்.
வெல்டிங் கடை இசக்கிமுத்து அடித்துத் தந்த தகரப் பெட்டி,
நீலப் பெயிண்ட். பூட்டுக்கு மட்டும் பில் உண்டு.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
மூன்று பேர் கையெழுத்துப் போட்டுத் திறக்கிறோம்.

இதுவரை கிடைத்தவை:
முட்டை சின்னதாய் இருக்கிறது.
கணக்கு சார் வேகமாய்ப் போகிறார்.
கடலைமிட்டாய்த் தாள்.
செத்த பல்லி. போட்டவனை நாங்கள் தேடவில்லை.
கலர்க் கயிறு கட்டச் சொல்லிப் பெரிய பையன்கள் மிரட்டுகிறார்கள் என்று
இடது கையால் எழுதிய ஒன்று.
அதற்கு இரண்டு கூட்டம் போட்டோம்.
கயிறுகள் முழங்கைக்கு மேலே ஏறிக்கொண்டன.

பிறகு ஒரு வெற்றுத்தாள்.
எட்டாய் மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து.
அடுத்த முறையும் ஒன்று.
மூன்றாவது வந்தபோது
"வெளாட்டுக்குப் போடுதுவம்மா" என்றார் தலைமையாசிரியர்.
சன்னலருகே பிடித்துப் பார்த்தேன்.
எழுதி அழித்திருந்தது.
ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
வெயில் லேசாய் உள்ளே வந்தது.

அன்றைக்குத்தான் பெட்டி தொங்கும் இடத்தைப் பார்த்தேன்.
தலைமையாசிரியர் அறை வாசல். மேலே கேமரா.
எதிரே எங்கள் பதினோரு நாற்காலிகள்.
அதிகாரி வந்தால் கண்ணில் படட்டும் என்று
நாங்களே மாட்டியது.

குழாயடிக்குப் பின்னால், வேம்பின் மறைவில்
பேச்சித்தாய் புது ஆணி அடித்தாள்.
அடித்துக்கொண்டே சொன்னாள்:
"ஒரு பிள்ள, டீச்சர்,
வேன் வந்து ஆரன் அடிச்ச பொறவும்
இங்ஙனயேதான் நிக்கி.
தண்ணியக் குடிக்கி, குடிக்கி,
தாகம் மாரித் தெரியல."

திங்கட்கிழமையே திறந்தேன். தனியாக.
விதிப்படி தப்பு; பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.
தாளில் இரண்டே சொல்:
கடைசி ஸ்டாப்.

பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டேன்.
வகுப்பு, தெரு, பெண்ணா பையனா
எதுவும்.
கவிதைக்கு அதைக் கேட்கும் உரிமை கிடையாது.

எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஒரே தடவைதான் கேட்டேன்.
யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று
சத்தியம் செய்யவில்லை.
"சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லுவேன்,
ஒனக்குத் தெரியாமச் சொல்ல மாட்டேன்" என்றேன்.
அந்தத் தலை ரொம்ப நேரம் கழித்து அசைந்தது.
மணி அடித்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

"பரீட்ச முடியட்டுமே. பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுரும்" என்றார் அவர்.
"இங்க அறுநூத்திப் பன்னெண்டு பேரு சார்.
எந்தப் பேரு?"
அவர் மேசைத் தொலைபேசியைத்தான் எடுத்தேன்.
ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு.
மறுமுனையில் எடுக்கும்வரை
அவர் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்புறம், நியாயமாய்ச் சொல்ல வேண்டும்,
புகாரில் என் கையெழுத்துக்கு மேலே
தன் கையெழுத்தைப் போட்டார்.

வழக்கு திருநெல்வேலியில் நடக்கிறது. வாய்தா, வாய்தா.
வேனில் இப்போது ஒரு அக்கா கூடப் போகிறாள்,
கடைசி ஸ்டாப் வரைக்கும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று.
அந்த நாலு எண்ணும் பாடப்புத்தகத்தின் பின்னட்டையிலேயே இருந்தது.
வருஷா வருஷம் ஜூனில்
பழுப்பு அட்டை போட்டு வா என்று
பிரம்பை ஆட்டி அதை மறைக்கச் சொன்னவள் நான்.

இந்த ஜூனில்
வீட்டிலிருந்து பீடிக் கத்தரி கொண்டுவரச் சொன்னேன்.
இலை வெட்டும் கத்தரியால்
ஆளுக்கொரு சன்னல், எண் தெரியுமளவுக்கு.
பாதிப்பேர் கோணலாய் வெட்டினார்கள்.
பின்வரிசையில் ஒருவனுக்கு
109 வரைதான் தெரிந்தது.
"இன்னுங் கொஞ்சம் வெட்டுல" என்றேன்.