ஆகு

ஆரம்பாக்கம் லாட்ஜில் இரவு ஒன்றரை.
சிக்குன்குனியா என் முட்டிகளைப் பூட்டிப் போட்டிருக்கிறது.
நான்கைந்து கிலோமீட்டர் வடக்கே, எல்லை தாண்டி, தடாவில்
ஓர் எடைமேடை
வாரத்துக்கு இரண்டு தடவை உறைந்துபோகிறது.
என்னால் எழுந்து போக முடியாது.
போனது ஒரு பழைய லேப்டாப், ஒரு சீரியல் கேபிள்.
கேபிளின் அந்த முனையில்
மஸ்தானய்யா.

முதலில் மௌனம்.
நான் தட்டுவதெல்லாம் போகிறது, ஒன்றும் திரும்பவில்லை.
"ஒயர் நல்லாத்தான் இருக்கு மேடம்,
உப்புப் பூத்திருந்துச்சு, அதையும் சொரண்டிட்டேன்."
முக்கால் மணி கழித்து உறைத்தது.
வாயை வாயோடு கட்டியிருக்கிறோம்,
காதைக் காதோடு.
ரெண்டாவதையும் மூணாவதையும் மாத்திக் குடுங்க என்றேன்.
பேனாக் கத்தியால் மாற்றினார்.

அப்புறம் உளறல்.
சதுரம், கேள்விக்குறி, சதுரம், ஏதோ அரை நிலா.
ஜன்னி கண்டவன் பேச்சு.
அது நிதானமாகத்தான் பேசிக்கொண்டிருந்தது,
நான்தான் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் கேட்டேன்.
குறைத்தேன்.
எழுத்து எழுத்தாகத் தெளிந்து
கெர்னல் தன் பெயரைச் சொன்னது.

நிறுத்திப் பார்த்தேன்.
கெர்னலை நிறுத்தினால் ஒன்று மட்டும் நிற்காது:
சிவப்பு எண்கள், கடிகாரம்,
பாதி தூக்கிய கையோடு கேட், எல்லாம்.
அறுபதாவது நொடியில் உள்ளிருக்கும் காவல்நாய்
வீட்டுக்காரன் அசையக் காணோமே என்று
வீட்டையே உதறி எழுப்பிவிட்டது.
இத்தனை நாளும் தடயத்தை நக்கித் துடைத்தது இதுதான்.
நாயைக் கட்டிப்போட்டேன்.

காத்திருந்தோம்.
இரண்டு நாற்பத்தேழுக்கு நெல்லூர் இறால் லாரி ஏறியது.
முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது கிலோ.
அதோடு உறைந்தது.

உள்ளே போனேன்.
அடுக்கடுக்காய் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று
பின்னாலிருந்து படித்தேன்.
போனில் ஹாரன். டிரைவரின் கூச்சல்.
மஸ்தானய்யா சொல்லிக்கொண்டிருந்தார்:
"ஆகு பாபு, ஆகு. ஒக்க நிமிஷம் ஆகு."

நான் தூத்துக்குடிக்காரி.
எதுவாக ஆகச் சொல்கிறார் இந்த நேரத்தில்
அந்த மனிதனை?
கேட்டதற்குச் சிரித்தார்.
"எங்க பக்கம் ஆகுன்னா நில்லுன்னு அர்த்தம் மேடம்."

இரண்டு இழைகள்.
ஒன்றின் கையில் எடையின் பூட்டு, சீட்டுக்குக் காத்திருக்கிறது.
மற்றதின் கையில் சீட்டின் பூட்டு, எடைக்குக் காத்திருக்கிறது.
சண்டை ஒன்றும் இல்லை.
வாசலில் நீங்க முன்னாடி, இல்ல நீங்க என்று
விடியும்வரை நிற்கக்கூடிய சம்பந்திகள்.
வரி எண்ணைக் கையில் எழுதிக்கொண்டேன்,
காகிதம் எட்டவில்லை.

"விடலாமா மேடம்?"
நினைவகத்தில் ஓர் ஒன்றைச் சுழியமாக்கினேன்.
ஒற்றை எழுத்து. என்டர்.

கேட் தன் கையை முழுசாகத் தூக்கியது.
சீட்டு வந்தது: மணி இரண்டு நாற்பத்தேழு.
என் போனில் இரண்டு ஐம்பத்தெட்டு.
அந்தப் பதினோரு நிமிடம்
அதற்கு நடக்கவே இல்லை.

"ஆனா எடை மேடம்.
நானூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு.
இருபது கிலோ அடிக்குது. இன்னும் கோளாறுதானா?"

கீழே டார்ச் அடிச்சுப் பாருங்க என்றேன்.

கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும்.
"தண்ணி" என்றார்.
"ஐஸ் கரைஞ்சு வழியுது. ரோடு வரைக்கும் போயிருக்கு."

அதனிடம் மட்டும்
யாரும் ஆகு என்று சொல்லவில்லை.

பின்னால் டிரைவர் கேட்பது காதில் விழுகிறது,
இந்த இருபது கிலோ
யார் கணக்கில் என்று.
இதற்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.