இரண்டாம் எடை

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.
ஆடிக் காற்று வாளையார்க் கணவாய்க்குள் புகுந்து
கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
கே.ஜி.சாவடிக்கு மேற்கே, பங்க்கை ஒட்டி,
அறுபது டன் தாங்கும் என் பாலம்.
பலகையில் இருப்பது:
வேடியப்பன் அண்டு சன்ஸ், எடை நிலையம்.
வேடியப்பன் போய் ஒன்பது வருடம்.
சன்ஸ் எப்போதுமே இல்லை.
இரண்டும் பெண்கள். சின்னவள் அந்தப் பலகையைப் பார்த்தாலே
சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.
பெயிண்டர் கேட்ட தொகை அதிகம்,
அதனால் சன்ஸ் அப்படியே இருக்கிறார்கள்.

கேரளாப் பதிவு லாரி. கஞ்சிக்கோட்டிலிருந்து.
நீலத் தார்ப்பாய்க்குள் ஏதோ நீளமாய் மல்லாந்திருக்கிறது.
ஒரு கை மட்டும் வெளியே.
நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குக் கட்டுவதுபோல
அதன் சுண்டுவிரலில் சிவப்புத் துணி.

"எந்தா சாதனம்?"
என் மலையாளம் அவ்வளவுதான்.
சுதீரன் தமிழிலேயே சொன்னான்:
"சிலை, சேச்சி. பெண் சிலை.
தொழில் பண்ற பெண்களுக்காக
கோயம்புத்தூர் ரவுண்டானாவில வைக்கறாங்க."

பதினோரு அடி.
பற்சக்கரம், செயின், பம்புசெட் இறக்கை,
அங்கே தேய்ந்து இங்கே பழைய இரும்பாய் வந்ததெல்லாம்
ஒட்டிச் செய்த உடம்பு;
இப்போது ஊர் திரும்புகிறது.
முகத்தைக் கோணிப்பையால் மூடியிருந்தார்கள்.
சாக்கில் அரிசி மில்லின் பெயர்.

"கையில என்ன?"
"அதுதான் முடிவாகல.
பேனான்னு கொஞ்ச பேர், பெட்டின்னு கொஞ்ச பேர்.
தராசு வெச்சா கோர்ட் மாதிரி ஆயிடும்னு
சங்கத் தலைவர்.
இப்போதைக்கு வெறுங்கை."

முட்டிப் பக்கம் கயிறு தொய்ந்திருந்தது.
ஏறிப்போய் டார்ச் அடித்து
முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது
உள்ளே திலேஷ்வர் பொத்தானை அமுக்கிவிட்டான்.
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

எடை பார்க்கும்போது பாலத்தின் மேல் ஆள் நிற்கக் கூடாது.
மூன்று மொழியில் நானே எழுதி ஒட்டியது.

இறங்கினேன். மறுபடி.
ஏழாயிரத்து எண்ணூற்று எண்பது.

அறுபது கிலோ.
என் பாலம் பத்துப் பத்தாகத்தான் பேசும்.
இரண்டு மூன்று கிலோ இப்படியோ அப்படியோ இருக்கும்,
அந்தச் சில்லறையை அது கண்டுகொள்வதில்லை.

சிமெண்ட், தேங்காய், பொள்ளாச்சி மாடு,
ஒரு தடவை கல்யாண மண்டபத்து நாற்காலி எண்ணூறு,
எல்லாம் இதில் ஏறி இறங்கியிருக்கின்றன.
சரக்கோடு சேர்ந்து நான் ஏறியது இன்றுதான்.
நிறுப்பது என் வேலை.
நிறுத்துவது அவர்கள் வேலை.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு எழுத்தோ என்னவோதான் வித்தியாசம்.

ரசீதில் சரக்கு 'பழைய இரும்பு' என்றிருந்தது.
அப்படிப் போட்டால் வழியில் கேள்வி குறைவாம்.
இருக்கலாம். என் சீட்டில் 'சிலை' என்றே எழுதினேன்.
பார்த்ததை எழுதத்தானே காசு.

"ரெண்டு சீட்டுக்கும் காசா, சேச்சி?"
"ஒண்ணுக்குக் குடுத்தாப் போதுங்க."
இன்னொன்றுக்கு
என் சுருக்குப்பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து
என் கல்லாவிலேயே போட்டேன்.
திலேஷ்வர் ஒரு மாதிரி பார்த்தான்.
நோட்டில் தேதி, நேரம், வண்டி எண்,
செலுத்தியவர்: பூவாத்தாள்.
அந்தக் கட்டத்தில் என் பெயர் இதற்குமுன் வந்ததில்லை.

லாரி கிழக்கே திரும்பியது.
காற்று பின்னாலிருந்து தள்ள
சிவப்புத் துணி அதற்கு முன்னால் போக முயன்றது.

அடுத்தது கோழி வண்டி. பொறுமை இல்லாத ஹாரன்.
வெளியே வந்து நின்று
கையைத் தூக்கிக் காட்டினேன்:
வா, வா, இன்னும் கொஞ்சம்,
போதும்.