ஒன்பதாம் பொத்தான்

வாய்க்காலில், படகில் மல்லாந்து கிடக்கிறேன்.
மூக்குக்கு மேலே ஒரு முழத்தில்
அறுபத்திரண்டில் வார்த்த கான்கிரீட்.
பலகையின் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது:
ஓரிடத்தில் மரத்தின் கணு,
ஓரிடத்தில் எவனோ அடித்த ஆணியின் தலை.
ஃப்ரீஸ்லாந்தில் இப்படி எத்தனையோ பாலங்கள்.
இதற்குப் பெயர் கிடையாது. எண்தான்.

போன கோடையில் கணக்கில் தோற்றது இது.
ஒரு மீட்டர் அகலத்துக்குப் பட்டையாய் அறுத்து,
பட்டையைத் தனியே நிறுத்தி,
இன்றைய லாரியை அதன் முதுகில் ஏற்றி,
வெட்டுவிசை தாங்காது என்று
சிவப்பில் எழுதிவிட்டார்கள்.
அன்றிலிருந்து இருபது டன்னுக்கு மேல் தடை.
பால் லாரி ஓட்டும் ரிக்ஸ்ட்
பதினேழு கிலோமீட்டர் சுற்றிப் போகிறாள்,
விடிய விடிய எங்களைத் திட்டிக்கொண்டு.

வளைந்து உடைவது யோக்கியமான சாவு.
தொய்யும், கீறல் காட்டும், தவணை கொடுக்கும்.
வெட்டு அப்படியல்ல.
தாங்கியின் அருகில் சாய்வாக ஒரே கோடு,
அவ்வளவுதான்.
தைத்துப் பிடிக்க உள்ளே நிமிர்ந்த கம்பியும் இல்லை;
இந்தப் பலகைக்கு யாரும் வைக்கவில்லை.

அதனால்தான் இந்தப் பதினான்கு பொத்தான்கள்.
ஒட்டுகிறேன், துடைக்கிறேன், ஒட்டுகிறேன்.
கல்லுக்குள் முடி அறுந்தாலும் கேட்கும் காதுகள்.
பிறகு படகோடு வெளியே வந்துவிட வேண்டும்.
சுமை ஏறும்போது அடியில் வாத்துகூட இருக்கக்கூடாது.
விரட்டினோம். திரும்பி வந்தன. விரட்டினோம்.

ஜாக்கி முனகுகிறது.
நானூறு, என்கிறாள் யெல்ட்ஷே. நிறுத்து. இறக்கு.
அறுநூறு. நிறுத்து. இறக்கு.
எண்ணூறு.
சுமை வலது ஓரத்தில்.
திரையில் இடது ஓரம் தாழ்கிறது,
கால் மில்லிமீட்டர்.
மறுபடி பார்க்கிறேன். ஆமாம், இடது.
அந்தப் பக்கத்தின் மேல் யாரும் எதையும் வைக்கவில்லை.
நாங்கள் அறுத்த பட்டைகள்
காகிதத்தில் மட்டுமே அறுபட்டிருந்தன.

ஆயிரத்து நூறு. வேண்டியதைத் தாண்டியாயிற்று.
ஆயிரத்து இருநூறில்
ஒன்பதாம் பொத்தான்
ஒருமுறை, மிக மெல்ல.
எங்கள் காதுக்கு ஒன்றுமில்லை; திரையில் ஒரு முள்.
யெல்ட்ஷேயின் கை உயர்ந்துவிட்டது.

இன்னும் ஒரு படி போகலாமே, என்றான் டவ்வே,
ஜாக்கியின் பிடியை விடாமல்.
உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடுமே.
தெரியும், என்றாள் அவள்.
தெரிந்த பிறகு பாலம் இருக்காது.

அறிக்கை எண்பத்தாறு பக்கம்.
அதன் சாரம் ஒரே சொல்: போதும்.
எவ்வளவு என்ற கேள்வியை
கான்கிரீட்டே வைத்துக்கொண்டது.

தடைப்பலகையைக் கழற்றிய காலையில்
முப்பத்தெட்டு டன் பாலோடும் லாரியோடும்
ரிக்ஸ்ட் கடந்து போனாள்.
ஓரமாய் நின்று கையசைத்தேன்.
கண்ணாடியை இறக்கினாள்.
ஏறுகிற இடத்தில் ஒரு குழி இருக்கிறதே,
அதை யார் பார்ப்பது? என்றாள்.